பஞ்சு வைத்த கூரை

கண்டக்டருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்கு விசில் சத்தமும் வேண்டாம், சில்லறைத் தகராறும் வேண்டாம் என்று தம் அண்ணன் வீட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, இரண்டாவது டம்ளர் தேநீருக்காக அவர் காத்திருந்தபோது வாசற்கதவு தட்டப்பட்டது. தட்டப்பட்டது என்பதைவிட இடிக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

கதவைத் திறந்தவர் அவருடைய அண்ணி. இழப்பீடு கேட்டு வருவோரின் சொல்லில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று அளந்து சொல்லும் வேலையைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளந்தான், வேலை அன்று. தெருவில் எது காணாமற் போனாலும் காவல் நிலையத்துக்கு முன்பாக அவரிடமே செய்தி வந்து சேரும்.

வந்தவர் அடுத்த வரிசை வீட்டுத் தையற்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. கையிலிருந்த துணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்து விரித்தார். உள்ளே ஓர் இறந்த காடை. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பழுப்பு உடல். உச்சந்தலை மட்டும் தோலுரிந்து சிவந்திருந்தது.

“என் காடைங்க எல்லாத்தையும் யாரோ தூக்கிட்டாங்கக்கா. காலையில பார்த்தா கூண்டு திறந்து கிடக்கு, இவ ஒருத்தி மட்டும் உள்ள செத்துக் கிடக்கா. தெருவே பூனைங்குது. நான் இல்லேங்கறேன்.”

“பூனைதான்,” என்றார் கண்டக்டர், தேநீரை மறந்து. “பூனை ருசி கண்டா விடாது.”

தையற்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கொக்கி மாட்டி, கொக்கிக்கு மேல ஊக்கு குத்தி வைப்பேன். அந்த ஊக்கு வளையாம, உடையாம, அழகாத் திறந்து கீழ கிடந்துச்சு. ஊக்கு திறக்கற பூனை எங்கயாவது இருந்தா சொல்லுங்க தம்பி, நாளைக்கே பட்டன் தைக்கற வேலைக்கு வெச்சுக்கறேன்.”

கண்டக்டர் தேநீரை நினைவுகூர்ந்தார்.

“நீங்க மறந்திருப்பீங்கன்னு சொல்லுவாங்களே?” என்று அமைதியாகக் கேட்டார் அண்ணி.

“சொல்லிட்டாங்க. செயலாளர் சொல்லிட்டார், மாடியில இருக்கற எங்க அண்ணனும் சொல்லிட்டார். இன்னைக்குச் சாயங்காலம் தெருச் சங்கக் கூட்டம். காடை இருந்தா பூனை வரும், அதனால எல்லாத்தையும் அப்புறப்படுத்தணும்னு தீர்மானம். பூனை வந்துச்சுன்னு முடிவாயிட்டா அத்தோட சரி, இனிமே ஒரு குஞ்சைக்கூட நான் வளர்க்க முடியாது.” அவர் குரல் உடையவில்லை, இறுகியது. “அண்ணனுக்கு மாடியை விட்டேன், முன்னறையை விட்டேன். அந்தக் கொல்லையையும் காடைகளையும் எவர் வந்து கேட்டாலும் விடமாட்டேன்.”

அண்ணி பறவையைத் துணியோடு தூக்கி முகர்ந்தார். பிறகு கொழுந்தனாரிடம் நீட்டினார்.

“வாசனையா இருக்கே,” என்று வியந்தார் அவர். “சாகறதுக்கு முன்னாடி குளிச்சிருக்கும்போல.”

காலின் விரலிடுக்கில் நீலமும் வெள்ளையுமாகச் சில துகள்கள் ஒட்டியிருந்தன. அண்ணி ஒன்றை நனைத்துத் தேய்த்தார். நுரைத்தது.

“சலவைத் தூளா? நான் கட்டி சோப்புதான் போடுவேன்,” என்றார் தையற்காரம்மா.

அண்ணி குடையை எடுத்துக்கொண்டார். மழையோ வெயிலோ இல்லாத போதும் அவர் குடையை எடுத்தால் புறப்பட்டுவிட்டார் என்று பொருள்.

*

கொல்லை என்று பெயரே தவிர, இரண்டு கட்டில் போட்டால் மூன்றாவதற்கு இடமில்லை. இருபுறமும் ஆளுயரச் சுவர். சுவரோரங்களில் வெந்தயக்கீரைப் பாத்தி. நடுவே, சமையலறைக் கதவிலிருந்து மாடிப்படி வரை ஒரு சிமெண்டுத் தடம். அதன்மேல் முழங்கால் உயரத்தில் கூண்டு. முந்தின நாள் மாலை பிடித்த மழை, ஊர் உறங்கிய பிறகே ஓய்ந்திருந்தது. மழை விட்டதும் எட்டிப் பார்த்தபோது காடைகள் எல்லாம் கூண்டில் இருந்தன என்றார் தையற்காரம்மா. பாத்தி மண் இன்னும் பிசைந்த மாவாகக் குழைந்திருந்தது. அதில் சிட்டுக்குருவியின் காற்சுவடு கூடத் தெளிவாகத் தெரிந்தது.

கண்டக்டர் குனிந்து கூண்டுக்குள் தலையை விட்டார். தலையில் ஏதோ மெத்தென்று பட்டது. கூண்டின் கூரை முழுவதற்கும் உட்புறமாகப் பஞ்சு வைத்துத் தைத்த துணி கட்டப்பட்டிருந்தது.

“கூண்டுக்கு மெத்தையா? அதுவும் தலைகீழா?”

“காடை கோழி மாதிரி இல்ல தம்பி. மிரண்டா பக்கத்துல ஓடாது. அம்பு மாதிரி நேரா மேல பாயும். தகரமோ பலகையோ இருந்தா மண்டை உடையும். அதான் தெச்சுக் கட்டினேன்.”

அண்ணி விரல் நுனியால் அந்தத் துணியை மூலைக்கு மூலை தடவிப் பார்த்தார். வெளிர்நிறத் துணியில் ஒரு கறையும் இல்லை.

அப்போது இடப்பக்கச் சுவருக்கு மேலே ஒரு கண்ணாடியும் அதன் பின்னால் ஒரு முகமும் எழுந்தன. சங்கச் செயலாளர். “பூனைதானேம்மா? நான் முன்னாடியே எச்சரிச்சேன். தீர்மானத்துல தேதியோட இருக்கு.”

கண்டக்டர் எம்பிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். செயலாளரின் செருப்பிலிருந்து கணுக்கால் வரை சேறு. அவர் பின்னால் கொடியில் காயும் துணிகளிலிருந்து சலவைத் தூளின் மணம் ஆளைத் தூக்கியது. கண்டக்டரின் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. அவர் அண்ணியின் காதருகே குனிந்தார். “சேறு, தூள், தீர்மானம்! மூணும் ஒரே ஆள்கிட்ட அண்ணி. டிக்கெட் கிழிச்சாச்சு.”

“இன்னும் நிறுத்தம் வரல தம்பி,” என்றார் அண்ணி.

மாடியிலிருந்து கடகடவென்று ஓர் ஓசை இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. தையற்காரம்மா முகம் சுளித்தார். “எங்க அண்ணன் சலவை மெஷின் மெக்கானிக். பழுது பார்க்க வந்ததையெல்லாம் மாடி வராந்தாவுல அடுக்கி வெச்சிருக்கார். விடிஞ்சதுலேர்ந்து ஒண்ணு ஓடிட்டே இருக்கு, தலைவலி.”

அண்ணி மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயின் அருகே சென்று, அதன் வாய்க்குள் கையை விட்டார். வெளியே எடுத்த விரல்களைக் கொழுந்தனாரிடம் காட்டினார். காய்ந்த புழுதி ஒட்டியிருந்தது. காட்டியதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டி வைத்தார்.

படியில் இறங்கி வந்த மெக்கானிக், தங்கையின் தோளில் கைவைத்தார். “விடு தங்கச்சி. போனது போகட்டும். ராத்திரி பூனை கத்தினதை என் காதால கேட்டேன். இந்த இடத்தை ஒழிச்சு ஒரு கொட்டகை போட்டா, என் மெஷினுங்களும் நனையாது, உனக்கும் தொல்லை இல்ல.”

“எனக்கு எது தொல்லைன்னு எனக்குத் தெரியும்,” என்று தோளை விடுவித்துக்கொண்டார் தையற்காரம்மா.

*

மாலையில், செயலாளர் வீட்டு முன்கூடத்தில் நாற்காலிகள் போடப்பட்டன. தெருவார் சிலர் வந்திருந்தனர். செயலாளர் தொண்டையைச் செருமித் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கியபோது அண்ணி குடையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.

“பூனைங்கற வார்த்தைக்குப் பக்கத்துல ஒரு கோடு போடுங்க சார். அது வரல.”

அவர் இறந்த பறவையை மேசைமேல் வைத்தார். “பூனை பிடிச்சா பல் பதிஞ்சிருக்கும், இறகு சிதறியிருக்கும். இது உடம்புல ஒரு கீறல் இல்ல. மண்டை மட்டும் உடைஞ்சிருக்கு. மேல பாய்ஞ்சு, கெட்டியான எதுலயோ மோதிச் செத்திருக்கு.”

“கூண்டுலயே மோதியிருக்கும்,” என்றார் மெக்கானிக்.

“அந்தக் கூண்டுக்குப் பஞ்சு வெச்ச கூரை. அதுல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அப்படின்னா இது செத்த இடம் வேற. யாரோ எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய், கெட்டியான மூடி போட்ட ஒண்ணுக்குள்ள அடைச்சிருக்காங்க. ஒண்ணு செத்ததும், அதைத் திரும்பக் கொண்டுவந்து கூண்டுக்குள்ள போட்டு, பழியைப் பூனை மேல போட்டிருக்காங்க.”

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. கண்டக்டரால் பொறுக்க முடியவில்லை. வாசலில் கிடந்த செயலாளரின் செருப்பை நோக்கிக் கை நீண்டது. “அந்தச் சேத்துக்கு என்ன பதில்?”

“என் வீட்டுச் சேத்துல நான் நிக்கக் கூடாதாய்யா?” என்று செயலாளர் சீறினார்.

“அந்தச் சேறுதான் தம்பி அவரைக் காப்பாத்துது,” என்றார் அண்ணி. “சுவரேறிக் குதிச்சா பாத்தியிலதான் இறங்கணும். பாத்தியில குருவி நடந்த தடம் இருக்கு, மனுஷன் நடந்த தடம் இல்ல. சிமெண்டுத் தடத்துலயும் ஒரு பொட்டு மண் இல்ல. கால் நனையாம அந்தக் கூண்டுக்கு வர ரெண்டே வழி. ஒண்ணு சமையலறைக் கதவு, அது உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. இன்னொண்ணு மாடிப்படி.”

எல்லாக் கண்களும் ஒருவர்மேல் சென்று குவிந்தன. மெக்கானிக் சிரிக்க முயன்றார். “படி இருக்கறதால திருடனா? நல்ல நியாயம்.”

“படி மட்டும்னா நானும் ஒத்துக்க மாட்டேன். இதோட கால்ல சலவைத் தூள் ஒட்டியிருக்கு. தூள் எல்லார் வீட்டுலயும் இருக்கும். ஆனா பறவையை உள்ள போட்டு மூடற அளவுக்குத் தூள் படிஞ்ச தொட்டி எங்க இருக்கு? சலவை மெஷினுக்குள்ள. அப்புறம் அந்தச் சத்தம். காலையிலேர்ந்து ஒரு மெஷின் ஓடுது. தண்ணி வெளிய வரணுமே? குழாய் வாயில புழுதி. துணியும் இல்லாம தண்ணியும் இல்லாம ஒருத்தர் எதுக்கு நாளெல்லாம் வெறும் மெஷினை ஓட்டணும்?”

கண்டக்டருக்கு அந்தப் புழுதி விரல் இப்போதுதான் விளங்கியது. “இன்னொரு சத்தம் கேட்கக் கூடாதுன்னு!” என்று கத்தினார்.

“ஆமா தம்பி. அதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு.” அண்ணி தையற்காரம்மாவின் பக்கம் திரும்பினார். “மறைக்கறதுக்குச் சத்தம் வேணும்னா, சத்தம் போட உயிர் இருக்கணும்.”

தையற்காரம்மா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

*

மாடி வராந்தாவில் கண்டக்டர் முதலில் ஓடும் மெஷினை நிறுத்தினார். அமைதி இறங்கியதும், மூலையிலிருந்த மேல்மூடி மெஷினிலிருந்து மெல்லிய சீழ்க்கைபோல் ஒரு குரல் எழுந்தது. பின் இன்னொன்று. அவர் பாய்ந்து மூடியில் கைவைத்தார்.

“கையை எடுங்க!” என்று தையற்காரம்மா போட்ட அதட்டலில் பேருந்தே நின்றிருக்கும். அவர் கூண்டின் பஞ்சுக் கூரையை அவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்திருந்தார். அதை மெஷினின் மேல் விரித்து, நான்கு முனைகளையும் பின்னால் வந்த தெருவார் நால்வர் பிடிக்க, துணிக்கு அடியில் கையை விட்டு மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்தார். அடியிலிருந்து மொத்து மொத்தென்று மோதல்கள் வந்து துணியைப் புடைக்கச் செய்தன. ஒரு தலையும் உடையவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து அட்டைப் பெட்டிக்குள் விட்டார்.

மெக்கானிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். “கொல்லணும்னு நினைக்கலம்மா. விடிஞ்சதும் சந்தையில யாருக்காவது கொடுத்துடலாம்னுதான்… மூடினதும் டப்பு டப்புன்னு முட்டிக்கிச்சு. கோழி மாதிரி அடங்கிடும்னு நினைச்சேன். ஒண்ணு செத்ததும் மத்ததை வெளிய எடுக்கவே பயமாயிடுச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, மேல பாயும்னு.”

“கேட்டிருந்தா கொல்லையைக் கொடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? மாட்டேங்கறதும் ஒரு பதில்தாண்ணே. அதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகு.”

கடைசியாக அவர் தொட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த கையில் பறவை இல்லை. ஒரு முட்டை இருந்தது. காடை முட்டைக்குரிய புள்ளியோ திட்டோ ஏதுமின்றி, வெளுத்த நீலமாக, சிறியதாக. அதைக் கண்டதும், காலையிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் முதன்முறையாக நெகிழ்ந்தது.

“புள்ளி இல்லாத முட்டை ஒருத்திதான் போடுவா. அடங்காப்பிடாரின்னு பேர் வெச்சிருக்கேன். சாயங்காலம் போடறதுதான் இதுங்க வழக்கம். இன்னும் சூடு ஆறல பாருங்க. இருட்டுல அடைச்சு, காது கிழியற மாதிரி சத்தம் போட்டு, பக்கத்துல ஒருத்தி செத்ததையும் பார்த்துட்டு, வேளை வந்ததும் போட்டுட்டா.”

கூட்டம் மீண்டும் கூடியது. செயலாளர் கண்ணாடியைத் துடைத்து, தீர்மானத்தில் பூனை என்னும் சொல்லை அடித்தார். பிறர் வீட்டுச் சண்டைக்கு நடுவிலும் அவருடைய முறைமை பிசகுவதில்லை. “பூனை வரல. ஆகவே இந்தத் தீர்மானம் விழுந்துடுச்சு. ஆனா ஒண்ணு, நாற்றம் குறித்து அடுத்த கூட்டத்துல நான் பேசுவேன்.”

“தாராளமாப் பேசுங்க,” என்றார் தையற்காரம்மா. “நாள்தோறும் கூண்டைக் கழுவறேன், வந்து முகர்ந்து பார்த்துட்டே பேசுங்க. அதுங்களும் இருக்கும், நானும் இருப்பேன்.”

பிறகு அவர் கையை விரித்து, செயலாளரின் தாளுக்கு மேலேயே அந்த முட்டையை வைத்தார். அது உருளாமல் நின்றது.

“அடுத்த கூட்டத்துல ஓட்டு கணக்குப் பார்க்கும்போது இதையும் சேர்த்துக்கோங்க. இது அவளோடது.”