ஈரக் கை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காரைவிட்டு இறங்கியதும் இளையவளின் கண் மாடிப்படிக்குத்தான் போனது. ஈரத்துணி வாளியோடு அக்கா நின்ற வாக்கில் சரிந்தது அந்தப் படியில்தான். கீழே வந்து விழுவதற்குள் உயிர் போயிருந்தது. தலைவலியைத் தவிர ஒரு நோயும் அறியாதவள்.

அதே இதயம்தான் தங்கைக்கும் என்று தெரிந்தபின், டாக்டர் அவள் இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், ஒரு கருவியை வைத்துத் தைத்திருந்தார். துடிப்பு தறிகெட்டு ஓடினால் அது உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்து நேராக்கிவிடும்.

"இனிமே உங்கம்மாகிட்ட வாயைக் கொடுத்தா ஷாக் அடிக்கும்" என்றார் கணவர்.

"இதுவரைக்கும் மட்டும் அடிக்காமலா இருந்துச்சு, அப்பா?" என்றாள் மகள். ஓட்டப்பந்தயக்காரி. வீட்டில் அவளுக்குப் பெயரே புயல்.

இளையவள் சிரிக்கவில்லை. "இது குடும்ப வழியா வர்றதும்மா. பொண்ணுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். அந்தச் சின்ன நெஞ்சிலும் கத்தியா?

தையல் ஆறியபின் ஒரு பகலில், பாத்திரம் துலக்கும்போது தைல வாசனை வந்தது. அக்கா நெற்றியில் தேய்க்கும் தைலம். அவள் போனபின் அதை யாரும் வாங்குவதில்லை.

சொட்டு... சொட்டு...

குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுவது நிற்கவில்லை.

தோளில் ஓர் ஈரக் கை அழுத்தியது.

"உக்காருடி."

கால் தானாக மடிந்தது. தரையில் உட்கார்ந்த மறுகணம், நெஞ்சுக்குள் எருமை முட்டியதுபோல் அதிர்ச்சி விழுந்தது.

"கருவி காப்பாத்திடுச்சு. நின்னுட்டிருந்தா மண்டை உடைஞ்சிருக்கும். எப்படிம்மா முன்னாடியே உக்காந்தீங்க?" என்றார் டாக்டர்.

"என்னவோ தோணுச்சு."

"பொண்ணை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

"அடுத்த வாரம், டாக்டர்."

அந்த வாரமும் டெஸ்ட் எடுக்காமலே போனது. இன்னொரு முறையும் அக்கா வந்தாள்; உட்காரவைத்தாள்; அதிர்ச்சி விழுந்தது; உயிர் தங்கியது. இளையவளுக்குப் பயம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. காவலுக்குத்தானே வருகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மறுபடி தைல வாசனை.

இளையவள் அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"உக்காந்துட்டேன்க்கா."

சொட்டு... சொட்டு...

தோளில் கை விழவில்லை.

கண்ணைத் திறந்தாள். நாற்காலியைத் தாண்டி, ஈரச் சுவடுகள் மாடிப்படிப் பக்கம் போயிருந்தன.

"அம்மா..." மகளின் குரல், மிக மெதுவாக. "யாரும்மா இது? என் தோளைப் பிடிச்சு அமுக்குறாங்க. கை ஜில்லுன்னு இருக்கு. உக்காருன்னு சொல்றாங்க."

இளையவள் ஓடினாள்.

ஓடுவதற்குப் போட்ட ஷூவோடு, அக்கா சொன்னபடியே மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். சட்டைத் தோளில் ஐந்து விரல்களின் ஈரம்.

அந்த நெஞ்சுக்குள், அடித்து எழுப்ப எதுவும் இல்லை.