இரட்டை வேகத்தில் தெரியாதவர்

யாருமே இல்லாத ஒரு வீடியோவைப் பார்த்து நஃபீஸத் சலாம் சொன்னாள்.

நடுவறையில் இருந்த அசன் மைதீனுக்கு அது தெளிவாகக் கேட்டது. மேலப்பாளையத்து வீடுகள் ரயில் பெட்டி போல நீளமானவை. முன்வாசலில் ஒருவர் தும்மினால் அடுக்களைக்குள் இருப்பவர் துஆ சொல்லிவிடுவார். மே மாதத்து மதியம். பின்னறைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏழு வயது மகள் பழைய போனில் ஒரு கேம் வீடியோ பார்க்கிறாள். நடுவறை மேசையில், லேப்டாப்பில், அதே வீடியோவை வாப்பாவும் பார்த்து முடித்திருக்கிறான். 'பார்க்காதே' என்று அவளை வீடு முழுக்கத் திட்டும். அவனுக்கு மட்டும் பார்ப்பதற்குச் சம்பளம்.

துபாயிலிருந்து திரும்பியவர்கள் கடை வைப்பார்கள், மாடி எழுப்புவார்கள். அசன் மைதீன், பிள்ளைகளுக்கான ஒரு செயலியில் வரும் கேம் வீடியோக்களைத் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தான். எவனோ ஒரு பையன் கேம் ஆடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்துவான். அதைப் பிள்ளைகள் பார்க்கலாமா, கூடாதா என்று இவன் முடிவு சொல்ல வேண்டும். "ஆடுதவன் ஒருத்தன், அதைப் பாக்கவன் ஒருத்தன், பாக்கலாமான்னு பாக்கவன் நீரா? எந்த ஊர்லவே இருக்கு இப்பிடி ஒரு உத்தியோகம்?" என்று மச்சான் கேட்டபோது அவனும் சேர்ந்துதான் சிரித்தான். வேறென்ன செய்ய?

வீடியோவை முழுதாக, சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் அன்றைய வேலை மறுநாள்தான் முடியும். ஆகவே எல்லாரும் இரட்டை வேகத்தில் ஓட்டினார்கள். அசன் மைதீன் ஒரு படி மேலே போய்த் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தான். தான் ஓட்டிப் பார்க்கும்போதே வீடியோவை மகளுடைய போனுக்கும் அனுப்பிவிடுவான். பின்னறையில் சிரிப்புக் கேட்டால் 'ஏற்றது'. போர்வைக்குள் பதுங்கினால் 'ஏற்றதல்ல'. உரைகல்லே வீட்டுக்குள் கிடக்கும்போது விதி எதற்கு? இந்த மகத்தான கண்டுபிடிப்பை அவன் கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. பாளையங்கோட்டை மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி முஃபீதாவிடமும் சொல்லவில்லை. பிள்ளை வாப்பா பக்கத்தில் இருந்து வாய்ப்பாடு படிப்பதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு வந்தது கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட நடைபாதை, இருபுறமும் மூடிய கதவுகள். ஆடுபவன் நடந்துகொண்டே இருந்தான். பேச்சு இல்லை, கத்தல் இல்லை. தகரக் கூரையில் அணில் ஓடுவது போல இரட்டை வேகத்தில் காலடிச் சத்தம் மட்டும். நடைபாதை முடிந்தது, வீடியோவும் முடிந்தது. வாயை மூடிக்கொண்டு விளையாடுகிற ஒரு நல்ல பிள்ளையாவது தமிழ்நாட்டில் மிச்சமிருக்கிறதே என்று மனம் குளிர்ந்து, 'எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது' என்பதை அழுத்தினான்.

அப்போதுதான் அந்தச் சலாம்.

"யாருக்குட்டி சலாம் சொல்லுதே?"

"வந்திருக்காவல்லா, அவுகளுக்கு."

"எங்கன வந்திருக்காவ?"

"வீடியோல, வாப்பா. பெரியவங்க வந்தா சலாம் சொல்லி, உள்ள வாங்கன்னு கூப்பிடணும்னு உம்மா சொல்லுவால்லா? ஆனா இவுக பதிலே சொல்ல மாட்டுக்காவ."

எழுந்து போய் போனை வாங்கினான். விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். கதவுகள், சுவர், கதவுகள். "ஒருத்தரும் இல்லியே தாயி."

"நீங்க ஓட்டுதீங்க. ஓட்டினா அவுக தெரிய மாட்டாவ. பையப் பாக்கணும்."

பைய விட்டான்.

முதலில் சத்தம் மாறியது. இரட்டை வேகத்தில் அணில் ஓட்டமாகக் கேட்டது இப்போது நனைந்த பாதம் தரையிலிருந்து பிய்ந்து பிய்ந்து வரும் சத்தமாக இருந்தது, அதுவும் ஒருவருடைய நடை என்று சொல்ல முடியாதபடி, ஒரு காலடிக்கும் மறு காலடிக்கும் நடுவே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு நடைபாதையின் கடைசியில், கதவுகளும் சுவர்களும் விளக்குகளும் சதுரம் சதுரமாக அடுக்கப்பட்டிருந்த அந்த உலகத்தில், சதுரமே இல்லாத ஒன்று நின்றது. பாளையங்கால்வாயில் தண்ணீர் வற்றும்போது சேற்றிலிருந்து தலைநீட்டும் பழைய துணிமூட்டை போல உருண்டு, கனத்து, குனிந்து நின்றது. முகம் தெரியவில்லை. இந்தப் பக்கம்தான் பார்க்கிறது என்று மட்டும் தெரிந்தது.

படம் சிமிட்டியது. அது ஒரு கதவு முன்னால் வந்திருந்தது.

அவனுக்கு மெல்ல விளங்கிற்று. வேகமாக ஓட்டும்போது படங்கள் ஒன்று விட்டு ஒன்றாகத் தவறிப்போகும். அந்தத் தவறிப்போகிற படங்களில் மட்டும்தான் அது இருந்தது. வேலைக்கு ஓட்டிப் பார்க்கிறவர்கள் கண்ணில் அது படாது. உட்கார்ந்து, ரசித்து, முழுதாகப் பார்க்கிறவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

"ஒனக்குப் பயமா இல்லியா?"

"எதுக்கு? விருந்தாளிதானே," என்றாள் நஃபீஸத்.

போனை அணைத்து, அவளுக்கு எட்டாத அலமாரியின் உச்சியில் வைத்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவன் மேசைக்கு ஓடினான்.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறக் காரணம் கேட்டது லேப்டாப். இரத்தமா? இல்லை. கெட்ட வார்த்தையா? வார்த்தையே இல்லை. சூதாட்டமா? அடப் போங்கப்பா. கடைசியில் 'அச்சமூட்டும் காட்சி' என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, எந்த இடத்தில் என்றும் குறித்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு மறுபரிசோதகர் பதில் போட்டார்: குறிப்பிட்ட இடத்தில் எதுவும் காணப்படவில்லை, அனுமதி தொடர்கிறது. மறுபடி அனுப்பினான். அதே பதில். 'சாதாரண வேகத்தில் பார்க்கவும்' என்று கெஞ்சி எழுதினான். காரணமின்றித் தொந்தரவு செய்வதாக எச்சரிக்கை வந்தது. மேசையை ஓங்கிக் குத்தினான், கைதான் வலித்தது. அந்த ஆள் இரட்டை வேகத்தில்தான் பார்த்திருப்பான். அவனைத் திட்டலாம் என்றால் அதற்கும் வாய் இல்லை. தானும் அப்படித்தானே பார்த்தோம்?

இதற்குள் எத்தனை வீட்டுக் கட்டில்களில் அது பைய நடந்துகொண்டிருக்கும்?

மேற்பார்வையாளர் ஜெபஸ்டினைத் தன் போனில் அழைத்தான். தூத்துக்குடிக்காரர். லீவு நாளில் கூப்பிட்டதால் குரலிலேயே உப்புக்காற்று வீசியது. எந்த வீடியோ என்று சொன்னதும் திறந்து ஓட்டினார்.

"பாத்துட்டேன் வே. நடக்கான், நடக்கான், தீந்துது. இதுல என்னத்தக் கண்டீரு?"

"அண்ணே, ஓட்டிப் பாக்காதீங்க. சாதாரண வேகத்துல பாருங்க."

"முழுசா உக்காந்து பாக்க அவன் என்ன எம் மருமவனா? காரணத்தச் சொல்லும் பாய். மேல கேட்டா நான் என்ன சொல்ல? பேய் பிசாசுன்னு எழுதட்டுமா? அதுக்குப் பெட்டி கிடையாது கேட்டீரா."

"எம் மவ பாத்துட்டா அண்ணே."

"பச்சப் பிள்ளைட்டயா காட்டினீரு? அசன் பாய், வேல போயிரும் வே."

"போவட்டும். நாளைக்கே எடுத்துருங்க. இப்ப ஒருதரம், ஒரேதரம், பையப் பாருங்க. ஒங்க வீட்லயும் பிள்ளை இருக்குல்லா?"

ஜெபஸ்டின் பெருமூச்சு விட்டார். நாற்காலி கிறீச்சிட்டது. போன் வழியாக அந்த ஈரக் காலடிகள் கேட்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் அவை மட்டும்.

"என்னவே இது..." என்றார் ஜெபஸ்டின், மிகத் தாழ்ந்த குரலில்.

"ஆஃப் பண்ணுங்க அண்ணே."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவனின் குரல் கேட்டது. "ஸ்தோத்திரம் அங்கிள்."

"ஏலே ஜெர்வின், யாருக்குலே ஸ்தோத்திரம் சொல்லுத? நீ அங்கன போ. போலேன்னா!"

"உள்ள வாங்க அங்கிள்."

காலடிச் சத்தம் நின்றது. வீடியோ முடிந்ததால் நிற்கும் சத்தமாக அது இல்லை. வந்து சேர்ந்தவன் நிற்பது போல நின்றது. அசன் மைதீன் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அங்கே யாரோ மூச்சு விட்டார்கள். ஜெபஸ்டின் புகைபிடிப்பவர், இழுத்து இழுத்து மூச்சு விடுவார். இது வேறு மாதிரி இருந்தது. நிதானமாக. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல. பிறகு இணைப்பு அறுந்தது.

பொழுது சாயும்வரை திரும்பத் திரும்ப அடித்தான். எடுக்க ஆளில்லை.

வெளியே வெயில் அடங்கிவிட்டிருந்தது. அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு தொடங்கியது. ஒரு பள்ளிவாசலின் குரல் முடியுமுன் அடுத்த பள்ளிவாசலின் குரல் சேர்ந்துகொள்ளும் அந்த நேரத்தில் தெருவே நிறைந்துவிடும், தைரியமும் வந்துவிடும் என்பார்கள். இன்று அந்தக் குரல்கள் எங்கோ தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டன. வீட்டுக்குள் ஒரு வாடை. கால்வாய்ச் சேற்றின் வாடை. இந்தக் கோடையில் கால்வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

லேப்டாப் தானாக மங்கிப் போயிருந்தது. தட்டினான். அதே வீடியோ. சாதாரண வேகத்தில் விட்டான். நடைபாதை, கதவுகள், விளக்குகள். ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தினான். கடைசி வரை.

யாரும் இல்லை.

ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையிலேயே சிரித்துவிட்டான். வெயிலில் மூளை கலங்கிவிட்டது, ஜெபஸ்டினிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், முஃபீதா வந்தால் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது...

அப்புறம்தான் யோசித்தான்.

அதற்குள் இல்லையென்றால் எங்கே?

"நஃபி."

பின்னறையில் காலடிச் சத்தம். பிய்ந்து பிய்ந்து.

ஓடினான். வீடு நீளமாக இருந்தது. இத்தனை நீளமாக அது எப்போதும் இருந்ததில்லை.

நஃபீஸத் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முக்காடு ஒழுங்காகத் தலையில். மடியில் அந்தப் போன். திரை எரிந்துகொண்டிருந்தது.

"அதை யாருட்டி எடுத்துத் தந்தா?"

"அவுகதான்." வாப்பாவை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தாள். சற்று மேலே. பெரியவர்கள் முகம் இருக்கும் உயரத்தில். "நின்னுட்டே இருக்காவ, பாவம்."

"இங்க வா தாயி. எந்திரி. வாப்பாட்ட வா."

வாசலில் நின்றபடியே கையை நீட்டினான்.

அவள் சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டாள். உள்ளங்கையால் மெத்தையைத் தட்டினாள்.

"பைய உக்காருங்க."

மெத்தை அமிழ்ந்தது. மெதுவாக. ஆழமாக. விரிப்பில் ஈரம் பரவியது.

"இந்தாங்க, நீங்களும் பாருங்க," என்று போனைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

நஃபீஸத் கையை எடுத்துவிட்டாள்.

போன் விழவில்லை.