கண்ணால் முழுங்கும் தவளைகள்

ஐந்து தவளைக் குஞ்சுகளும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

ரெங்கசாமி விட்ட பழ ஈக்கள் அவற்றின் மூக்கு நுனியிலேயே ஊர்ந்தன. குட்டி வெட்டுக்கிளி ஒன்று ஒரு தவளையின் முதுகிலேறி இறங்கியது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு, ஒட்டிப்போன வயிறு, தோலுக்கடியில் நூல் நூலாய் எலும்பு. கண்ணாடித் தொட்டியை அவன் எப்படித் திருப்பி வைத்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் ஐந்தும் மெல்ல நகர்ந்து, சிவசக்தியின் பாய் சுருட்டி வைத்திருந்த மூலையைப் பார்த்தே உட்கார்ந்துகொண்டன.

சிவசக்தி அவனுடைய ஒரே மகள். ஒன்பது வயது. தொண்டையில் வந்த கட்டி அவளைக் கொண்டுபோய் அன்றோடு பதினாறு நாள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

பீலியிலிருந்து கொட்டும் ஊற்றுத் தண்ணீருக்கு மேலே சாய்ந்த கொய்யாக் கிளையில் சோப்பு நுரை போல ஒட்டியிருந்த கூட்டைப் பிள்ளைதான் முதலில் கண்டாள். அதிலிருந்து சொட்டிய வால்குஞ்சுகளைப் பேசினில் ஏந்தி, கால் முளைத்து வால் கரையும்வரை வளர்த்து, பழைய மீன்தொட்டியில் ஆறு மரத்தவளைகளாக்கி வைத்திருந்தாள். ஈர்க்கின் நுனியில் பூச்சியைக் குத்தி, அதுகளின் முன்னால் ஆட்டுவாள்.

"அசையாத சாப்பாடு அதுக கண்ணுல படாதுப்பா. ஆட்டிக் காட்டணும். முழுங்குறப்ப கண்ணப் பாருங்களேன்!"

பார்த்தான். இரை வாய்க்குள் போனதும் தவளையின் இரண்டு கண்ணும் தலைக்குள்ளே அமிழ்ந்தன. இரையைத் தொண்டைக்குள் தள்ளிவிட்டு மேலே எழும்பின.

"கண்ணாலதான் முழுங்குது!" என்று கைதட்டிச் சிரித்த பிள்ளை அது.

பதுளை ஆஸ்பத்திரியில், கஞ்சித்தண்ணீர்கூட இறங்காத கடைசி நாட்களில், அவள் கண்களை இறுக்கி இறுக்கி மூடினாள்.

"என்ன சாமி பண்ணுற?"

"நானும் கண்ணால முழுங்கிப் பாக்குறேன்பா."

முடியவில்லை. பசியோடுதான் போனாள். போவதற்கு முன் ஒன்று கேட்டாள். "நான் வர்ற வரைக்கும் அதுகளப் பட்டினி போட்ராதீங்க." அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தான். நேற்று ஆறில் ஒன்று செத்துப்போயிற்று.

"தவளைக்கு ஈ புடிக்கிற நேரமாடா இது?" வாசலில் இராக்கம்மா அக்கா வந்து நின்றாள். "கருமாதி வீட்டுல ஆம்பள ஈ வெரட்டிக்கிட்டுத் திரியிறான்னு லயத்துச் சனமே சிரிக்குது."

"ஒன்னு செத்துப்போச்சுக்கா. அவ கேட்டா என்ன சொல்லுவேன்?"

"எவ கேட்டா?"

அவன் இன்னொரு ஈயைத் தொட்டிக்குள் விட்டான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னேரம் பெரகல மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறியது. எதிர் லயத்து வீட்டு வரிசை மறைந்தது. பிறகு வாசல் கல்லும் மறைந்தது. வாழையிலையில் பருப்புச் சோறு, தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், இரண்டு டொபி மிட்டாய், எல்லாம் பிள்ளைக்குப் பிடித்தவையாகப் படையல் வைத்து, கற்பூரம் காட்டி, கருமாதிக்கு வந்திருந்த எல்லோரையும் அக்கா எழுப்பினாள்.

"வெளிய வாங்க. புள்ள வந்து சாப்புடட்டும். கதவத் தொறக்கிற வரைக்கும் யாரும் எட்டிப் பாக்கக்கூடாது."

அதுதான் முறை. ரெங்கசாமிக்கும் தெரியும். ஆனால் அவன் இலையைப் பார்த்தான். அசையாத சோறு. அசையாத ரொட்டி. இதெல்லாம் அவள் கண்ணில் எப்படிப் படும்? பெற்ற மனம் போன போக்கைப் பாருங்கள். ஆட்கள் வெளியேறும் சந்தடியில் அவன் அடுப்படிக்குள் ஒதுங்கிக்கொண்டான். வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள்.

தகரக் கூரையில் மூட்டம் நீராகிச் சொட்டியது. கற்பூரம் அணைந்த புகையும் விறகுப் புகையும் கலந்து நெஞ்சைக் கரித்தன. அவற்றுக்கடியிலிருந்து மெல்ல, மிக மெல்ல, ஆஸ்பத்திரி மருந்து வாடை எழுந்தது. அவன் இலைக்கு முன்னால் வந்து குந்தினான்.

தொட்டியில் சலசலப்பு.

ஐந்து தவளைகளும் திரும்பிக்கொண்டிருந்தன. பாயிருந்த மூலையிலிருந்து சுவரோரம். சுவரோரத்திலிருந்து நடுவீடு. நடுவீட்டிலிருந்து இலை. அசைகிறதை மட்டுமே பார்க்கும் கண்கள் அவை. வீட்டுக்குள் எதுவும் அசையவில்லை.

அவன் பருப்புச் சோற்றைச் சின்ன உருண்டையாய்ப் பிடித்து, ஈர்க்கு நுனியில் குத்தி, இலைக்கு அந்தப் பக்கம் நீட்டி ஆட்டினான்.

"இந்தா சாமி. அப்பா ஆட்டுறேன் பாரு."

ஈர்க்கு வளைந்தது.

நிமிர்ந்தது. நுனியில் சோறு இல்லை.

தொட்டியில் டப், டப் என்று சத்தம். தவளைகள் ஈ பிடித்தன. ஐந்தும் தின்றன. அவன் அழுதான், சிரித்தான், அடுத்த உருண்டையைக் குத்தினான். அதற்கடுத்ததை. அதற்கும் அடுத்ததை. ரொட்டியைப் பிய்த்துக் குத்தினான். டொபியைக் குத்தினான்.

அப்போதுதான் பார்த்தான்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சட்டை. ஒட்டிய வயிறு. வாய் நிறைய இரை. அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

முழுங்கினாள்.

கண்கள் இரண்டும் உள்ளே அமிழ்ந்தன. தொண்டை ஏறி இறங்கியது. இறங்கிவிட்டது. அத்தனை நாள் இறங்காதது இறங்கிவிட்டது.

கண்கள் மேலே வரவில்லை.

இரண்டு குழிகள். அதற்குக் கீழே, மறுபடியும் திறந்த வாய்.

"ரெங்கா! டேய், உள்ளயா இருக்க?" வெளியே அக்கா கதவைத் தட்டினாள்.

இலை வெறுமையாகிவிட்டது. ஈர்க்கு கீழே விழுந்து கிடந்தது. தவளைகளும் பிள்ளையும் ஒரே பக்கம் திரும்பின. அந்த வீட்டில் அசைந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

நடுங்கும் தன் கையை ரெங்கசாமி இழுத்துக்கொள்ளவில்லை.