மேட் பிளாக்கில் மூன்று கோடு

போன் அலறியது!

ஸ்டெபின் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் அவன் இல்லை. ஒரு கையில் ஸ்ப்ரே கன். மறு கையில் பாதி தின்ற பஜ்ஜி. முகத்தில் மாஸ்க். பஜ்ஜிக்காக மாஸ்க்கை இறக்குவதா, போனுக்காக பஜ்ஜியைக் கீழே வைப்பதா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோதே போன் ஓய்ந்தது.

அடுத்த நிமிடம் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது!

இறங்கியவர் எஸ்.ஐ. மாதேஸ்வரி. கடைக்குள் வராமல், அண்ணாந்து போர்டைப் பார்த்து நிதானமாக வாசித்தார்.

"ஸ்டெபின் பெயிண்டிங் ஒர்க்ஸ். ரிப்பேர் பண்ண இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது."

"ஆமாங்க மேடம்," என்றான் ஸ்டெபின் பெருமையாக.

அந்தப் பெருமைதான் அவனுக்கு எப்போதும் வினை. நாற்பது வயதாகிறது. இன்னும் புத்தி வரவில்லை.

மாதேஸ்வரி தன் போனை நீட்டினார். அதில் ஸ்டெபினின் சொந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்! பளபளப்பில்லாத கறுப்பு பெட்ரோல் டேங்க் ஒன்றின் வலது பக்கம், கீறலோடு ஒரு படம், கீறல் இல்லாமல் ஒரு படம். அடியில் அவனே எழுதிய வாசகம்: 'மேட் பிளாக் மேட்ச் பண்ண ஓசூர்ல வேற ஆள் இருக்கா?' இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர் ஸ்டேஷன் ஏட்டு.

"இந்த டேங்க் யாருது?"

"கஸ்டமருதுங்க..."

"எந்த கஸ்டமர்?"

ஸ்டெபின் பஜ்ஜியைக் கீழே வைத்தான்.

விஷயம் இதுதான். நான்கு நாளுக்கு முன்னால், சாயங்காலம் ஆறு மணிக்கு, பாகலூர் ரோட்டில் ராமப்பன் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே உள்ள ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் செக்யூரிட்டி. பின்னால் வந்த ஒரு பைக் அவரை இடித்துத் தள்ளியது. கொஞ்ச தூரம் போனது... திரும்பியது... விழுந்து கிடந்தவரை மறுபடி இடித்துவிட்டுப் பறந்தது!

தூரத்தில் இருந்த டீக்கடைக்காரர் சொன்ன ஒரே அடையாளம், கறுப்பு வண்டி, பளபளப்பு இல்லை என்பதுதான். சைக்கிள் ஹேண்டில்பார் முனையில் கறுப்பு பெயிண்ட் செதில் ஒட்டியிருந்தது. ராமப்பன் ஐ.சி.யூ.வில். இன்னும் கண் விழிக்கவில்லை.

"விபத்துன்னா ஒரு தடவதான் இடிக்கும்," என்றார் மாதேஸ்வரி. "இது கொலை முயற்சி. தடயம் பூரா அந்த டேங்க்ல இருந்துச்சு. நீ அத வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சி சாக்கடையில விட்டுட்ட. கூடவே ஸ்டேட்டஸ் வேற."

ஸ்டெபின் ஸ்ப்ரே கன்னையும் கீழே வைத்தான்.

"டேங்க கொண்டாந்தவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சிங்களா மேடம்..." ஸ்டெபின் தலையைச் சொறிந்தான். "டேங்க் சொல்லட்டுங்களா? வலது பக்கம் நாலு இஞ்ச் கீறல், பக்கத்துல கட்டைவிரல் அளவு ஒடுக்கு. மேல சந்தனக் கறை, மூணு விரல் இழுத்த மாதிரி மூணு கோடு, நடுக் கோடு மட்டும் குட்டை..."

"ஏம்பா, நான் ஆளக் கேட்டேன்."

ஆளை அவன் பார்க்கவே இல்லை. கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவனிடம் கிடையாது. போதாததற்கு வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பைக்கையும் கொண்டு வரவில்லை. மேட் பிளாக் என்றால் டேங்கை மட்டும் கழற்றிக் கொண்டுவர வேண்டும் என்பது ஸ்டெபின் கடையின் சட்டம். அந்தச் சட்டத்தின் பலன், அவனுக்கு வண்டி நம்பரும் தெரியாது. பெரிய மேதாவி!

ஒன்று மட்டும் சொன்னான். சட்டை. சாம்பல் கலந்த நீலம், காலர் மட்டும் ஒரு ஷேடு அடர்த்தி.

மாதேஸ்வரியின் புருவம் உயர்ந்தது. அது ராமப்பன் வேலை பார்த்த அதே கம்பெனியின் யூனிபார்ம்!

"ஏறு ஜீப்புல," என்றார். "சாயங்காலத்துக்குள்ள அந்த வண்டியக் காட்டு. இல்லன்னா தடயத்த அழிச்ச கேஸ்ல கோர்ட்டுக்கு உன்னக் காட்டறேன்."

ஜீப்பில் இருந்தபடியே மனைவி அருள்செல்விக்குப் போன் செய்தான். பதினோரு வருஷத்தில் தான் கட்டிய ஒரு புதுப் புடவையைக்கூட அடையாளம் கண்டுபிடிக்காத மனுஷன் பைக்கைக் கண்டுபிடிக்கப் போகிறாரா என்று கேட்டாள். கேட்காத வேலையைச் செய்யாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்றாள். அப்புறம் அழுதாள். அதுதான் ஸ்டெபினை உண்மையில் பயமுறுத்தியது.

கம்பெனி பார்க்கிங். மதியம் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது.

ஸ்டெபின் பார்த்தான். தலை சுற்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஷோரூம் இந்தக் கம்பெனி ஆட்களுக்கு மொத்தமாகச் சலுகை கொடுத்திருந்தது. இருபத்தேழு பேர் வாங்கியிருந்தார்கள். இருபத்தேழும் ஒரே மாடல். இருபத்தேழும் மேட் பிளாக்! ஒரே எருமை ஈன்ற கன்றுகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஓனர் லிஸ்ட் ரெடியா இருக்கு மேடம்," என்று ஓடி வந்தார் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் மோகன்குமார். நெற்றியில் வியர்வை, கையில் காகிதம், முகத்தில் மரியாதை. மோர் வரவழைத்தார். ஸ்டெபினைப் பார்த்துச் சிரித்தார். "உங்க போர்டப் பார்த்திருக்கேன் பாஸ். கண்டுபிடிக்கவே முடியாது... செம லைன்."

ஸ்டெபினுக்கு அந்த நிலைமையிலும் குளிர்ந்துவிட்டது. நன்றி சொன்னான்.

அப்புறம் வேலையில் இறங்கினான். பளபளக்கிற பெயிண்டில் தப்பு நடந்தால் பாலிஷ் போட்டுச் சமாளிக்கலாம். மேட் பிளாக்கில் அந்தப் பருப்பு வேகாது. தேய்த்தால் தேய்த்த இடம் மின்னும். ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியும். கடைசிப் பூச்சாக அடிக்கிற மேட் கிளியரை டப்பாவின் அடி வரை கலக்காவிட்டால், நிழலில் சரியாக இருப்பது வெயிலில் பல்லிளிக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, குனிந்து டேங்கைச் சாய்வாகப் பார்ப்பதுதான்.

முதல் வண்டியை, கீறல் இருந்த வலது பக்கம் மட்டும், குனிந்து பார்த்தான். கம்பெனி பெயிண்ட்.

இரண்டாவது. கம்பெனி பெயிண்ட்.

கர்த்தரே, என் வேலை மட்டமாக இருக்கட்டும் என்று ஸ்டெபின் மனதுக்குள் ஜெபித்தான். ஓசூரில் எந்தப் பெயிண்டரும் இப்படி ஒரு ஜெபம் செய்திருக்க மாட்டான். அன்றைக்கு மேட் கிளியரைக் கலக்கும்போது பேச்சு சுவாரஸ்யத்தில் பாதியில் விட்டேனே... விட்டேன்தானே? ஒரு திட்டாவது, ஒரு மினுமினுப்பாவது தெரியாதா?

பத்து. பதினைந்து. இருபது.

எல்லாம் ஒன்று போல இருந்தன. ஒரு குறை இல்லை!

"என்னாச்சு?" என்றார் மாதேஸ்வரி.

"தெரியலைங்க மேடம்," என்றான் ஸ்டெபின் பரிதாபமாக. "ரொம்ப நல்லா பண்ணிட்டேன்."

மோகன்குமார் மோர் டம்ளருக்குள் சிரித்ததுபோல் இருந்தது.

இருபத்தாறாவது வண்டி அருகே ஸ்டெபின் முழங்கால் வலித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். சரி, ஜெயில்தான். அருள்செல்வி மனுப்போட்டுப் பார்க்க வருவாள். வரும்போது புதுப் புடவையில் வருவாள். அதையும் தான் கவனிக்கப் போவதில்லை.

கண்ணுக்கு நேராக டேங்க்.

அதன்மேல், சாய்வான வெயிலில், மங்கலாக மூன்று கோடு. நடுக் கோடு மட்டும் குட்டை.

ஸ்டெபின் கண்ணைக் கசக்கிக்கொண்டான். எழுந்தான். பக்கத்து வண்டி... மூன்று கோடு, நடுக் கோடு குட்டை. அதற்கடுத்தது... அதே!

"மேடம்... இது என்னங்க, எல்லா வண்டியிலயும்?"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்திலிருந்து, கேன்டீனில் வேலை பார்க்கும் சுசித்ரா பதில் சொன்னாள்.

"ஆயுத பூஜைக் கறைங்க. போன வருஷம் ஸ்டாண்டுல நின்ன அத்தன வண்டிக்கும் ராமப்பண்ணன்தான் சந்தனம் வெச்சார். வருஷா வருஷம் அவர்தான். முன்னாடி தகடு அழுத்துற ப்ரெஸ்ல வேல பார்த்தப்போ மெஷின் அவர் நடுவிரல் நுனிய எடுத்துடுச்சு. அதான் நடுக் கோடு குட்டை."

எங்கோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனுஷனின் விரல்கள் அங்கே வரிசையாகப் பதிந்திருந்தன.

ஸ்டெபினின் மூளை அன்றைக்கு முதல் தடவையாக வேலை செய்தது.

மேட் பெயிண்டில் எண்ணெயோடு சந்தனம் இறங்கினால் லேசில் போகாது. அதன்மேல் புதுப் பெயிண்ட் அடித்தால் அந்த இடத்தில் மட்டும் குழி விழும். அதனால் அவன் தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்து, அந்த மூன்று கோட்டையும் எடுத்திருந்தான். கீறலை மட்டும் பாருங்கள் என்றுதான் கஸ்டமர் சொன்னார். கேட்காத வேலை! அதைப் பெருமையாகச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான்.

"மேடம்," என்றான் மெல்ல. "நான் தேட வேண்டியது நல்ல பெயிண்ட்டும் இல்ல, மட்ட பெயிண்ட்டும் இல்ல. கோடு இல்லாத வண்டி."

"இங்க இருபத்தாறுலயும் இருக்கு," என்றார் மாதேஸ்வரி. "லிஸ்ட்ல இருபத்தேழு. இன்னொண்ணு எங்க?"

சுசித்ரா ஆபீஸ் ஸ்டாஃப் வண்டி நிறுத்தும் ஷெட்டைப் பார்த்தாள்.

அங்கே, தகரக் கூரை நிழலில், தனியாக ஒரு மேட் பிளாக் நின்றது.

"அது என்னோடதுங்க மேடம்," என்றார் மோகன்குமார். சிரிப்பு மாறவில்லை. "பூஜை அன்னைக்கு நான் லீவு. வண்டி சூளகிரியில எங்க வீட்ல நின்னுச்சு. அப்புறம் சந்தனம் எப்படி இருக்கும்?"

ஸ்டெபின் வண்டியை வெயிலுக்குத் தள்ளி வந்தான். டேங்க் சுத்தமாக இருந்தது. கறை இல்லை, கோடு இல்லை. அழகான வேலை. தன்னையறியாமல் தடவிக் கொடுத்தான்.

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. மாதேஸ்வரி ஸ்டெபினைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோர்ட் தெரிந்தது.

ஸ்டெபினுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. சுசித்ராவிடம் கேட்டான்.

"அக்கா, ராமப்பண்ணன் டேங்குக்கு மட்டும்தான் சந்தனம் வெப்பாரா?"

"இல்லப்பா. முன் மட்கார்டுக்கும் வெப்பார்."

ஸ்டெபின் மண்ணில் மண்டியிட்டான். முன் மட்கார்டைச் சாய்வாகப் பார்த்தான். அதுவும் மேட் பிளாக். அதை யாரும் அவன் கடைக்குக் கொண்டு வரவில்லை. கொண்டு வந்திருந்தால் அதையும் இலவசமாகத் தேய்த்துத் தொலைத்திருப்பான்.

மூன்று கோடு!

நடுக் கோடு குட்டை!

"லீவுல இருந்த வண்டிக்கு ராமப்பன் சூளகிரி போயி சந்தனம் வெச்சாரா?" என்றார் மாதேஸ்வரி.

மோகன்குமார் லிஸ்ட்டைக் கீழே போட்டார். அடுத்த நொடி கேட்டைப் பார்த்து ஓடினார். நாலு எட்டுதான். ஜீப்பில் கூட வந்திருந்த ஏட்டு காலை நீட்டினார். மோர் டம்ளர் ஒரு பக்கம், மோகன்குமார் ஒரு பக்கம்!

ஸ்டேஷனில் எல்லாம் வெளியே வந்தது. மோகன்குமார் ஸ்டோர்ஸிலிருந்து புஷ் என்கிற பித்தளை உதிரி பாகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்கில் கடத்திக்கொண்டிருந்தார். கேட்டில் ராமப்பன் பார்த்துவிட்டார். நாளைக்கு மேனேஜரிடம் சொல்லப் போவதாக, ஒளிக்காமல், அவரிடமே சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷனுக்கு அவ்வளவுதான் தந்திரம் தெரிந்திருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ராமப்பன் கண் விழித்துவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவி நாராயணம்மாவிடம் முதலில் கேட்டது, சைக்கிள் என்னாயிற்று என்பதைத்தானாம். அதற்குப் பெயிண்ட் தன் செலவு என்று ஸ்டெபின் அங்கேயே அறிவித்தான். மறுபடியும், கேட்காத வேலை.

கோர்ட்டுக்குக் கொண்டுபோக மோகன்குமாரை விலங்கோடு ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி ஸ்டெபினை எரிக்கிற மாதிரி பார்த்தார்.

"கண்டுபிடிக்கவே முடியாதுன்னு போர்டு வெச்சிருக்க... அத நம்பித்தானேடா உன்கிட்ட வந்தேன்!"

ஸ்டெபின் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கஸ்டமரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

"ரிப்பேரத்தான் சார் கண்டுபிடிக்க முடியாதுன்னு எழுதியிருக்கேன். உங்களையும்னு எங்க எழுதியிருக்கேன்?"