பாட்டு வகுப்பில் காணாமல் போன ஃபைல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கச்சிராயபாளையத்தில் உரக்கடை மாடியில் பாட்டு வைத்து இங்கிலீஷ் சொல்லித்தரும் தேவிப்ரியா டீச்சர், வகுப்பறை அலமாரியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கலையரசியின் ஃபைலைக் காணோம்.

உள்ளே இருந்தவை மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ். எல்லாம் ஒரிஜினல். சென்னையில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஒரிஜினலைக் காட்டாவிட்டால் அந்த இடம் இரண்டாவதாகத் தேறிய சிவசங்கருக்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு பஸ். வீட்டுக் கூரை ஒழுகுகிறதே என்றுதான் பாவம், ஃபைலை இங்கே வைத்தாள். இப்போது படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி வந்தார். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"எட்டு மணிக்கு வகுப்பு முடிஞ்சப்போ. பூட்டிட்டு சந்தைக்குப் போனேன்."

"சாவி?"

"மீட்டர் பெட்டி மேல."

"யாருக்குத் தெரியும்?"

"படிக்கிற எல்லாருக்கும்."

சாவியை ஒளித்து வைப்பதில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பூட்டு உடையவில்லை, ஆகவே வகுப்பு ஆள்தான். மற்றவர்கள் எட்டேகால் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டார்கள். கலையரசியை விட்டால் ஊரில் இருந்தது இரண்டு பேர்.

முதலில் சரத்குமார், கீழே உரக்கடையில் வேலை செய்பவன்.

"கடையில தனியாத்தாங்க இருந்தேன். யாரும் பாக்கல. படி பின்பக்கம், யார் ஏறினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவனுக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூட இல்லை.

அடுத்து சிவசங்கர். வயலும் மோட்டாரும் உள்ள வீட்டுப் பிள்ளை.

"எட்டரையிலேர்ந்து வூட்ல பாட்டு போட்டுக்கினு படிச்சேன் மேடம். பக்கத்து வூட்டு அமிர்தம் அக்காவக் கேளுங்க."

"எப்படிப் படிப்ப?"

"மிஸ் சொல்லிக்குடுத்த மாதிரிதான். ஒரு வரி ஓடவுட்டு நிறுத்தணும். திருப்பிச் சொல்லணும், அர்த்தம் சொல்லணும், நேத்து நடந்த மாதிரி மாத்திச் சொல்லணும். அப்புறந்தான் அடுத்த வரி."

"இன்னிக்கும் அப்படித்தானா?"

"வேற எப்படி மேடம்?"

டீச்சரும் தலையாட்டினார். அந்த வகுப்பில் ஒரு பாட்டு முடிய ஒரு வாரம் ஆகும். அவருடைய மாணவர்கள் கல்யாண வீட்டில் பாடினாலும் வரிக்கு வரி நிற்பார்கள்.

அமிர்தம் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"காலைல பாட்டு கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சே. நல்லா சத்தமா."

"தெனமும் கேக்குமா?"

"அத்த ஏன் கேக்கற. ஒரு வரி பாடும், நிக்கும், இந்தப் புள்ள கத்தும். தலவலிதான் ஜாஸ்தி. இன்னிக்கித்தான் நிம்மதியா மொத்தப் பாட்டும் கேட்டேன். முடிய முடிய மறுபடி பாடிச்சி. ஒக்காந்த எடத்துலயே மல்லாட்ட பாதி உரிஞ்சி போச்சி."

பதினொரு மணி. வகுப்பறையில் எல்லாரும் நின்றார்கள்.

"ஃபைல எடுத்தது சிவசங்கர்" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

"நான் வூட்லதான் மேடம் இருந்தேன். அக்கா சொல்லலியா?"

"பாட்டு இருந்துச்சுன்னுதான் சொன்னாங்க. வரிக்கு வரி நிறுத்திப் படிச்சேன்னு நீ சொன்ன. இன்னிக்கி பாட்டு நிக்கவே இல்ல தம்பி. நிறுத்த வூட்ல ஆள் இல்ல. ஃபோன்ல பாட்ட ஓடவுட்டுட்டு நீ இங்க வந்துட்ட. சத்தம் கேட்டா போதும்னு நெனச்ச; அக்கா எப்பவும் எப்படிக் கேப்பாங்கன்னு நெனைக்கல."

சிவசங்கர் தரையைப் பார்த்தான்.

"எங்க கொல்லையில கரும்பு வெட்டறவங்க பொண்ணு மேடம். அவ போயி நான் இங்க நின்னா, ஊர்ல கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றது?"

"ஃபைல் எங்க?"

"மோட்டார் கொட்டாயில."

கான்ஸ்டபிள் பைக்கில் போய் எடுத்து வந்தபோது பதினொன்றே முக்கால். கலையரசி ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

"அதான் கெடச்சிடுச்சே கலை. வுட்டுடு" என்றான் சிவசங்கர்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"மேடம், பஸ்ஸுக்கு நேரமாவுது. புகார இப்பவே எழுதணுங்களா, போயிட்டு வந்து எழுதலாங்களா?"

"வந்தும் எழுதலாம்."

"அப்ப வேலைல சேந்துட்டு வந்து எழுதறேங்க" என்று சொல்லி, ஃபைலை மார்போடு அணைத்தபடி படியிறங்கினாள்.