எதிரெடை

நண்பகல் மணி அடித்ததும் இந்திராணி எண்களைப் படித்தாள்.

"ஆவுடையப்பன் திடல், மாலை ஐந்து, இருபதாயிரம்."

ஒலிவாங்கியின் மறுமுனையில் எதிரி நாட்டு எடையாளர் மரியதாஸ் பதில் சொன்னான்.

"செல்லத்துரை திடல், மாலை ஐந்து, இருபதாயிரம்."

அவ்வளவுதான் பேச்சு. பதினோரு வருடமாக இருவரும் எண், இடம், நேரம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் தேசத்துரோகம். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், பாதி நேரம் தூங்கிக்கொண்டு.

பொதியம் என்பது விண்வெளியில் சுழலும் ஒரு பெரிய வளையம். சுழல்வதால்தான் உள்ளே இருப்பவர்களின் கால் தரையில் நிற்கிறது. பயிர் விளையும் வயற்பாதி, நீர் தேங்கும் குளப்பாதி என்று இரண்டு அரைவட்டங்கள். அவை சேரும் இரண்டு மூட்டுகளில் இரண்டு கதவுகள். உள்நாட்டுப் போர் மூண்ட முதல் வாரத்தில் கதவுகள் அடைபட்டன. இரண்டாம் வாரம் எந்த மகானுபாவனோ சுட்ட குண்டில் சமன்குழாய்கள் வெடித்தன. ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் தண்ணீரை ஏற்றி வளையத்தை ஆடாமல் வைத்திருந்தவை அந்தக் குழாய்கள். அவை போனபின் மனிதர்களேதான் எடை. ஒரு பக்கம் ஐந்நூறு பேருக்கு மேல் கூடினால், வட்டத்தின் நேர் எதிர்ப்புறத்தில் அதே அளவு பேர் கூடியாக வேண்டும். இல்லையென்றால் வளையம் ஆடும். ஆட்டம் முற்றினால் மூட்டு பிளந்து, இரண்டு பக்கத்துக் காற்றும் ஒன்றாகப் போய்விடும்.

அதனால் அந்தப் போரில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. படையைத் திரட்டுவதற்கு முன் எத்தனை பேர், எங்கே, எப்போது என்று எதிரியிடம் சொல்லித் தொலைக்க வேண்டுமே. ஆனால் கூட்டங்கள் அமோகமாக நடந்தன. வயற்பாதித் தலைவர் ஆவுடையப்பன், குளப்பாதிக்காரன் தண்ணீர்த் திருடன் என்று முழங்குவார். அதே நேரம் நேர் எதிரே செல்லத்துரை, வயற்பாதிக்காரன் சோற்றைப் பதுக்குகிறவன் என்று முழங்குவார். இவர் கூட்டம் நடக்க அவர் கூட்டம் தேவை. பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட ஒருவர் மற்றவரைக் கைவிடவில்லை.

கதவைத் திற என்று கேட்டவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவே இல்லை. எதிரெடை இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த மனுக்களை அடுக்கி வைப்பதும் இந்திராணியின் வேலை. அவள் கணவன் சுந்தரேசன் குழாய் மெக்கானிக். போர் மூண்ட அன்று காலையில் ஒரு வால்வை மாற்ற குளப்பாதிக்குப் போனவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று கேட்க அவளுக்கு எண் எதுவும் கிடைக்கவில்லை.

அன்று எண்களைப் படித்து முடித்தபின் அவள் ஒலிவாங்கியை அணைக்கவில்லை. மனுக்களில் இருந்த கையெழுத்துகளை அவள் மூன்று முறை கூட்டிப் பார்த்திருந்தாள்.

"முதல் கதவு, மாலை நான்கு, எட்டாயிரம். இரண்டாம் கதவு, மாலை நான்கு, எட்டாயிரம்."

காவலர் கண்ணை மூடியே இருந்தார். எண்தானே. ஆனால் மரியதாஸுக்குத் தெரியும், அப்படி ஒரு கூட்டத்துக்கு எந்த அரசும் அனுமதி தராது. இங்கிருந்து மட்டும் பதினாறாயிரம் பேர் கதவுகளுக்குக் கிளம்பினால் வயற்பாதியின் நடு லேசாகிவிடும். அங்கிருந்தும் அதே பதினாறாயிரம் பேர் கிளம்ப வேண்டும். அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டால் இந்திராணிக்குச் சிறை நிச்சயம். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் அதைவிட மோசம், வளையமே போகும்.

இரைச்சலுக்கு நடுவே தாள் புரளும் சத்தம் கேட்டது.

"முதல் கதவு," என்றான் மரியதாஸ். தொண்டையைச் செருமினான். "மாலை நான்கு, எட்டாயிரம். இரண்டாம் கதவு, மாலை நான்கு, எட்டாயிரம்."

அவன் மேசையிலும் மனுக்கள் அடுக்காக இருந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கெல்லாம் கதவுக்கு வரச்சொல்லிச் சேதி போனது.

நான்கு மணிக்கு ஆவுடையப்பனே எடைநிலையத்துக்குள் வந்துவிட்டார். வந்த வேகத்தில் மேல்துண்டு கதவில் மாட்டிக்கொண்டது.

"யாரைக் கேட்டும்மா கூட்டம் சேர்த்த? பாசறையில இருந்து ரெண்டாயிரம் பேரை இப்பவே அனுப்பிக் கலைக்கறேன்."

"அனுப்புங்கய்யா," என்றாள் இந்திராணி, வளையத்தின் ஆட்டத்தைக் காட்டும் சமன்மானியின் முள்ளைப் பார்த்தபடியே. "ஆனா நம்ம பாசறைக்கு நேர் எதிர்லதான் அவங்க பாசறை. இங்க காலியானா அங்கயும் காலியாகணும். செல்லத்துரை ஐயாகிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

"அவன்கிட்ட நான் கேக்கறதா?"

"பின்ன? முள்ளு மஞ்சளுக்கு வந்தாச்சு, பாருங்க."

அவர் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு வருடம் நாள் தவறாமல் திட்டிய மனிதரோடு ஒரு தடவைகூடப் பேசியதில்லையே, எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, துருப்பிடித்த கதவுச் சக்கரங்களை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

இந்திராணி கதவு திறந்ததைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தாள். அது இடப்பக்கம் நடுங்கியது, வலப்பக்கம் நடுங்கியது, பிறகு நட்டநடுவில் வந்து நின்றது. பதினோரு வருடத்தில் அது அப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை.

"அக்கா," என்றது மரியதாஸின் குரல். "திறந்துருச்சுக்கா."

அவள் வாய்விட்டு அழுதாள். காவலரும் அழுதார். ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து, கையில் எண்ணெய்க் கேனோடு ஒரு நரைத்த மனிதன் எடைநிலைய வாசலில் நின்றான்.

"வால்வு மாட்டியாச்சு," என்றான் சுந்தரேசன். "சாப்பாடு இருக்கா?"

இரண்டு பாதியும் ஒன்றானது. தேர்தல் நடந்தது. இந்திராணியின் கதவுக் கட்சி அள்ளிக்கொண்டு போனது, அவளே முதல்வர். ஆவுடையப்பனும் செல்லத்துரையும் ஒரே கட்சியில் சேர்ந்து தோற்றார்கள். அவர்கள் சேர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இத்தனை வருடமும் கூட்டாகத்தானே தொழில் நடத்தினார்கள்.

வெற்றி விழாவுக்கு நாள் குறித்தபோதுதான் சிக்கல் வந்தது. சமன்குழாய்கள் இன்னும் சரியாகவில்லை. மூன்று வருடம் ஆகும் என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலைமை எடையாளரான மரியதாஸ் கையை விரித்தான்.

"இருபதாயிரம் பேர் இங்க கூடினா, எதிர்ல இருபதாயிரம் பேர் வேணும்கா."

"நம்ம ஆளுங்களையே பாதி பாதியாப் பிரிச்சா?"

"கேட்டுட்டேன். திரையில பாக்கறதுக்கா கதவைத் திறந்தோம்னு சண்டைக்கு வர்றாங்க. எதிர்ப்பக்கம் போக ஒருத்தரும் தயாரா இல்ல."

இந்திராணி ஆவுடையப்பன் வீட்டுக்கே போனாள்.

"ஐயா, அன்னிக்கு நேர் எதிர்ல நீங்க ஒரு கூட்டம் போடணும்."

"எதுக்கு?"

"என்னைத் திட்டத்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஜெயிச்சதைக் கொண்டாட நான் ஆள் சேர்க்கணுமாக்கும்."

"நீங்க சேர்த்தாத்தான் நான் கொண்டாட முடியும். இத்தனை வருஷமா நீங்க நடத்தினதும் இப்படித்தானேய்யா."

தோற்றவருக்குக் கூட்டம் சேருவது எளிதா? நாயாய் அலைந்தும் பதினாலாயிரம்தான் தேறியது. மீதி ஆறாயிரத்துக்கு இந்திராணி தன் கட்சியினரிடமே கெஞ்சி, சுந்தரேசனைத் தலைமை தாங்கச் சொல்லி அனுப்பினாள்.

"காது குடுத்துக் கேக்கணும்னு இல்லைங்க," என்றாள். "கனமா உக்காந்தாப் போதும்."

விழா ஜேஜே என்று நடந்தது. வயலும் குளமும் ஒரே திடலில் கட்டிப்பிடித்து ஆடின. முள் அசையவில்லை. மேடையிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, இதற்காக இன்னும் பதினோரு வருடம்கூட எண் படிக்கலாம் என்று இந்திராணிக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்த சுந்தரேசன் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, ரொம்பத் திட்டினாரா?"

"திட்டினாரு. ஆனா குழாய் விஷயத்துல அந்த ஆள் சொல்றது சரிதான், இந்திராணி. ரெண்டு பக்கத்து மெக்கானிக்கையும் சேர்த்து இறக்கினா எட்டு மாசத்துல முடியும். நீ அவங்களை விழாவுக்கு அலங்கார வளைவு கட்ட அனுப்பியிருக்க."

"உங்களை உக்காரத்தானே அனுப்பினேன்?"

"உக்காந்தா காதுல விழுதே."

அவளுக்குக் கோபம் வந்தது. சோற்றைப் போட்டாள், குழம்பை மறந்துவிட்டாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் மரியதாஸ் கூப்பிட்டான். அவன் குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அக்கா, இந்தத் தடவை உங்க பக்கம்தான் ரெண்டாயிரம் பேர் குறையுது. விழாவுக்கு வந்தவங்க எல்லாரும் மாசக் கூட்டத்துக்கு வர்றதில்ல, அதோட போன தடவை அனுப்பின ஆறாயிரத்துல பாதிப் பேர் அங்கயே பேர் குடுத்துட்டாங்க."

"என் வீட்டுக்காரர்?"

"முதல் பேரே அவரோடதுதான்கா. ஆவுடையப்பன் ஐயா கேக்கச் சொன்னாரு, எடைக்கு ஆள் அனுப்பட்டுமான்னு."

கூடத்தில் சுந்தரேசன் குழாய் வரைபடத்தை விரித்து வைத்து எதையோ குறித்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவன். இந்திராணி அவனைச் சற்று நேரம் பார்த்தாள். கோபம் இருந்தது. அதையும் மீறிச் சிரிப்பு வந்தது.

"அனுப்பச் சொல்லு, தம்பி," என்றாள். "காது நல்லாக் கேக்கறவங்களாப் பார்த்து அனுப்பச் சொல்லு."