அறையில் இருப்போர் எண்ணிக்கை

படத்தில் ஒருத்திதான் இருந்தாள். படத்தின் பெயர் இரண்டு என்று முடிந்திருந்தது.

தேர்வு எழுதுகிறவர்களை வீட்டிலிருந்தே கேமரா வழியாகக் கண்காணிப்பது, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் வேலை. சந்தேகம் வந்தால் ஒரு பொத்தான். திரை அப்படியே ஸ்கிரீன்ஷாட்டாகப் பதிந்துவிடும். அதன்பின் தானாகவும் அவ்வப்போது பதியும். படத்துக்கு என்ன பெயர், எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்பதை அவளே அமைத்திருந்தாள். முதலில் தேர்வு எண், ஒரு கோடு, அப்புறம் அறையில் இருப்போர் எண்ணிக்கை. எண்ணுவது மென்பொருள். சேருமிடம், அந்தத் தேர்வு எண்ணுக்கென்று அலுவலகத்தில் இருக்கும் ஃபோல்டர். அங்கே யாரும் படத்தைத் திறப்பதில்லை. பெயர் இரண்டு என்று முடிந்தால் தேர்வு ரத்து. அழுவார்கள், கெஞ்சுவார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பாள்.

படத்தில் இருந்த பெண்ணுக்குப் பின்னால் சுவர். சுவரோரம் ஒரு பீரோ.

“ரூம்ல வேற யாரு?”

“யாருமில்ல மேடம்.”

“கேமராவச் சுத்திக் காட்டு. கட்டிலுக்கு அடியில. கதவுக்குப் பின்னாடி. பீரோவத் திற.”

கேமரா ஆடிக்கொண்டே போனது. கலைந்த போர்வை, ஒற்றைச் செருப்பு, புடவைகளின் மடிப்பு. ஹெட்போனுக்குள் அந்த அறையின் மின்விசிறி கரகரத்தது. அந்தக் கரகரப்புக்கு அடியில், பெண்ணின் மூச்சோடு சேர்ந்தும் சேராமலும், இன்னொரு மூச்சு நிதானமாக ஏறி இறங்குவதுபோல் இருந்தது.

“யாருமில்ல மேடம். ஒரு வாடைதான் வருது. ஈரத்துணிய மூடி வச்ச மாதிரி. வீடு மாறி வந்ததுலேருந்தே இருக்கு.”

“வாடைய நான் கேக்கல. எழுது.”

அடுத்த அறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். “அம்மா, உன் பரீட்சைப் புள்ளைங்க பேசுறது இங்க வரைக்கும் கேக்குது. சவுண்டக் கொற.” சொன்னதோடு நில்லாமல் வந்து தானே ஒலியைக் குறைத்துவிட்டுப் போனாள். தினமும் நடப்பதுதான். குட்டிக்கு அந்த ஒரு பொத்தான் மட்டும் தெரியும்.

மேலாளர் அழைத்தார்.

“அதிசயமா இன்னைக்கு ஒரு படத்தத் திறந்து பாத்தேன் மேடம். ஒரு பொண்ணு, ஒரு பீரோ. பீரோவுக்கும் தலைய எண்ணிட்டீங்களா?”

“சாஃப்ட்வேர் சார் அது.”

“சாஃப்ட்வேருக்கு நான் சம்பளம் தரல. போன தடவையும் ஒருத்தன் முறையிட்டு ஜெயிச்சுட்டான். இன்னொரு தடவ தப்பா ‘ரெண்டு’ன்னு எனக்கு வந்துச்சுன்னா, வேற வேலை பாத்துக்கங்க.”

வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அமைப்புகளைத் திறந்தாள். இரக்கத்தால் அல்ல. எண்ணிக்கையைப் பெயரிலிருந்து எடுக்க அனுமதி இல்லை, சேருமிடத்தை மாற்றலாம். இனி எடுக்கும் படங்கள் அலுவலகத்துக்குப் போகாமல் தன் கணினியிலேயே சேரட்டும். புதிய ஃபோல்டருக்குப் பெயர் கேட்டது. யோசிக்காமல் ‘வீடு’ என்று அடித்தாள்.

படம் பதிந்தது. இரண்டு. வீட்டில் சேர்ந்தது.

திரையில் அந்தப் பெண் நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

“மேடம், வாடை போயிடுச்சு.”

அடுத்த படம் ஒன்று என்று முடிந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சன்னலில் மழை. துவைத்துப் பிழியாமல் வாளியில் மறந்துபோன துணியின் புளித்த வாடை அறைக்குள் மெல்ல நிறைந்து, திரைச்சீலையிலும் நாற்காலியின் பஞ்சிலும் கடைசியில் அவள் நாக்கிலும் வந்து படிந்தது. மழைதான், என்று சொல்லிக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தரையில் பதமாகக் காலை எடுத்து வைக்கும் சத்தம். பக்கத்து அறைப் பக்கம் போனது. நின்றது.

“குட்டி!”

“என்னம்மா?”

“இங்க வா. ஓடி வா.”

மகள் வந்தாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “ஏம்மா இப்படி நசுக்குற?” என்று சிணுங்கினாள் குட்டி. அவள் தன் கேமராவைத் திரையில் திறந்தாள். தானும் மகளும். பின்னால் கதவு. வேறு எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினாள்.

தேர்வு எண் இல்லை. கோடு. மூன்று.

திரும்பிப் பார்க்கவில்லை. படத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பழகிப்போன ஒன்று. அவளிடமே போகட்டும். நமக்கெதற்கு.

‘வீடு’ ஃபோல்டரைத் திறந்தாள். எது எந்தப் படம் என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். வெட்டினாள். அந்தப் பெண்ணின் ஃபோல்டரில் ஒட்டினாள்.

மடியில் இருந்த கனம் ஒரு கணம் இல்லை. பிறகு இருந்தது. குட்டி அசைந்து உட்காருகிறாள்.

மீண்டும் அழுத்தினாள்.

இரண்டு.

மூச்சு விட்டாள். ஒன்று போய்விட்டது. அம்மாவும் மகளும் மட்டும். வாடை இன்னும் இருந்தது. மூடிய அறை, போகக் கொஞ்சம் நேரம் ஆகும்தான். குட்டி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

“எப்படி நனஞ்ச?”

கழுத்தில் முகம் இன்னும் அழுந்தியது.

திரையில் அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானாக ஒரு படம் பதிந்தது. அதில் ஒருத்திதான் இருந்தாள். பெயர் இரண்டு என்று முடிந்தது.

மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, மின்விசிறியின் கரகரப்புக்கு அடியில், ஒரு குரல்.

“அம்மா? இது யாரு வீடு? நான் கண்ணுக்குத் தெரியல அந்த அக்காவுக்கு. அம்மா, நீ எங்க இருக்க?”

அவளால் அசைய முடியவில்லை.

மடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. ஈரமாக. நிதானமாக. சரியான பொத்தானைத் தேடி எடுத்து, ஒலியைக் குறைத்தது.